அம்மி இல்லாத குழவி

மதினி,

இன்று காலை என் மருமகள் உன் குழவியில் காலை இடித்துக்கொண்டாள். நகம் பெயரவில்லை, ஆனால் வளவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டாள். அடுப்பு மேடைக்குக் கீழே, சிலிண்டருக்குப் பக்கத்தில் அதை நான் போட்டு மூன்று மாதமாகிறது. நொண்டிக்கொண்டே என் முன்னால் வந்து நின்று, "அம்மியே இல்லாத வீட்டுல குழவி எதுக்கு அத்தை? தூக்கி எறியுங்க. இல்லாட்டி நான் எறிஞ்சிர்றேன்" என்றாள்.

அவள் கேட்டது நியாயம், மிக்சி வந்ததும் என் அம்மி போய்விட்டது. உன் குழவி இந்நேரம் இங்கே இருக்கக் கூடாது, உன் ஊர்க் கடலில் கிடக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாயே! "எங்க ஊருத் தொறைமொகச் சுவத்துல எங்காத்தா அம்மி கெடக்கு மதினி. இந்தக் குழவிய அதுகூடச் சேத்துப் போட்டுரு" என்றாய். போட்டுவிடுகிறேன் என்றேன். போடவில்லை. ஏன் போடவில்லை என்று உனக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருக்கும். பொறுத்துக்கொள்.

நீ போடிக்கு வந்து இறங்கிய அன்றே இந்தக் குழவிதான் உனக்கு முன்னால் இறங்கியது. உன் வீட்டுக்காரர் கருவாட்டு லோடோடு சந்தைக்கு வந்தவர், ஏலக்காய்க் கடையில் மூட்டை தூக்கும் சோலி கிடைத்ததும் இங்கேயே தங்கிவிட்டார். ஆறு மாதம் கழித்து நீ வந்தாய். இடுப்பில் பிள்ளை, தலையில் துணி மூட்டை, கையில் குழவி. என் வீட்டுக்காரர் எங்கள் வளவில் கடைசி வீட்டை உங்களுக்குப் பிடித்துக் கொடுத்தார். அவரை நீ அண்ணே என்றாய், என்னை மதினி என்றாய். நானும் திருப்பி உன்னை மதினி என்றேன். என்னைவிட நீ எட்டு வயசு மூத்தவள் என்பது ரெண்டு பேருக்குமே மறந்து போனது.

புது வீட்டுக்கு வருகிறவர்கள் பானை சட்டி கொண்டு வருவார்கள். குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தவளை வளவே நின்று வேடிக்கை பார்த்தது. "என்ன, அம்மி பின்னால லாரியில வருதா?" என்று முதலில் கேட்டவள் நான்தான். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை.

"அம்மிக்கு ஊர்ல சோலி இருக்கு. அது வராது" என்றாய்.

சரி, கொஞ்சம் கிறுக்கு போல என்று நினைத்துக்கொண்டேன். என் அம்மியில்தான் நீ மசாலா அரைத்தாய். வருவாய், உன் குழவியைக் கொண்டுவந்து என் அம்மியில் வைத்து அரைப்பாய், கழுவி எடுத்துக்கொண்டு போவாய். என் குழவி சும்மா ஓரமாகக் கிடக்கும். "ஏன், என் குழவிக்கு என்ன குறைச்சல்?" என்று ஒருநாள் கேட்டேன். "அதுக்குக் கை பழகணும்ல" என்று மழுப்பினாய்.

அடுத்த மாதமே நீயும் என்னோடு ஏலக்காய் பொறுக்க வந்துவிட்டாய். அந்த நீளக் கூடத்தில், வரிசையாக உட்கார்ந்த அறுபது எழுபது பெண்களில், இருபத்தெட்டு வருஷம் காய் புடைக்கும் உன் சொளகும் என் சொளகும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டே இருந்தன. உன் கைக்கு நான் பொறாமைப்பட்டிருக்கிறேன், இப்போது சொல்லலாம். மீன் பிரித்த கை. பெருங்காய், சிறுகாய், வெடித்த காய், உள்ளே ஒன்றுமில்லாத பொக்கு என்று நான் கண்ணால் பார்த்துப் பிரிப்பதற்குள் நீ விரலாலேயே பிரித்திருப்பாய். வீட்டுக்குப் போனால் நம் சேலை, தலைமுடி, சோறு எல்லாம் ஏலக்காய் மணக்கும். "என் மேல மீன் வாடை போகக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன், போயிருச்சே" என்று நீ ஒருநாள் நிஜமாகவே அழுதாய்.

போடிமெட்டுக்கு உன்னை முதல் தடவை கூட்டிப்போனது ஞாபகம் இருக்கிறதா? கடைக்கு லீவு விட்ட ஒரு நாள், எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் நெருக்கியடித்து இடம் பிடித்தோம். முதல் தடவை மலை ஏறுகிறவர்கள் வாந்தி எடுப்பார்கள், இல்லாவிட்டால் பள்ளத்தைப் பார்த்துச் சாமியைக் கூப்பிடுவார்கள். நீ வளைவுக்கு வளைவு வைதுகொண்டு வந்தாய்.

"இங்க பாரு மதினி. ரோட்டோரம் கல்லு. சுவத்துல கல்லு. ஓடைக்குள்ள கல்லு. கேக்க நாதியில்லாம இம்புட்டுக் கல்லு கெடக்கே! எங்க ஊருக்கு நாலு வண்டிக் கல்லு குடுங்கன்னு எத்தன வருசம் நடந்தாக எங்க ஆளுக. ஒருத்தன் குடுத்தானா?"

டிரைவர் திரும்பிப் பார்த்து, "ஆத்தாவுக்கு என்ன, கல்லு யாவாரமா?" என்று கேட்டான். ஜீப்பே சிரித்தது. மெட்டில் இறங்கி டீ குடிக்கும்போதும் நீ அடங்கவில்லை. கீழே நம் ஊர் தெரிகிறது பார் என்று நான் கையை நீட்டினால், நீ காலுக்குக் கீழே கிடந்த பாறையைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாய்.

அப்போதும் எனக்குப் புரியவில்லை. புரியாததால்தான் அந்தத் தப்பைச் செய்தேன். உன் மகள் பெரியவளானபோது எல்லோரும் பாத்திரமும் பாவாடையும் சீர் செய்தார்கள். நான் தேவாரம் ரோட்டில் கல் கொத்துகிறவரிடம் போய் ஒரு அம்மி வாங்கினேன். குழவி வேண்டாம், அம்மி மட்டும் போதும் என்றால், "தனியாக் குடுக்கக் கூடாதும்மா, ஆகாது" என்று அவர் முரண்டு பிடித்தார். அவரோடு சண்டை போட்டு வாங்கி, தட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து உன் வாசலில் இறக்கினேன். நீ அதைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், உள்ளே போய்விட்டாய். மறுநாள் வந்து பார்க்கிறேன், என் அம்மி உன் வீட்டுத் தண்ணீர் டிரம்முக்கு அடிக்கல்லாக இருக்கிறது!

எனக்கு வந்ததே கோபம். "என் கல்லு உனக்குத் தண்ணி டிரம்முக்குத்தான் ஆகுமோ?" என்று கேட்டுவிட்டு வந்தவள், இருபது நாள் உன்னோடு பேசவில்லை. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, சொளகு சொளகை இடிக்க, பேச்சில்லாமல் பொறுக்கினோம். பேச்சை மறுபடி தொடங்கி வைத்தது ஆடிக்காற்றுதான். நம் ஊர் ஆடிக்காற்று மலையிலிருந்து இறங்கி வந்து தகரத்தைப் பிடுங்குகிற காற்று. அன்றைக்குக் கூடத்தின் ஜன்னல் கதவு ஒன்று கழன்று விழுந்தது. யாரோ ஒருத்தி, "ஆடிக்காத்துல அம்மியே பறக்குமாம், ஜன்னலு எம்மாத்திரம்" என்றாள்.

நீ சொளகைக் கீழே வைத்தாய். "எங்க ஊரு அம்மி வாடைக்கே பறக்கல" என்றாய்.

நான் வீறாப்பை மறந்து, "எந்த அம்மி?" என்று கேட்டுவிட்டேன். அன்றுதான் நீ முழுசாகச் சொன்னாய்.

உங்கள் ஊர் ராமநாதபுரத்துக் கடற்கரை. கிணறு தோண்டினாலும் மணல், கோயிலைச் சுற்றினாலும் மணல். ஓடை கடலில் சேருகிற இடத்தில் வாய் திறந்திருந்தால் வள்ளங்கள் உள்ளே வந்து பத்திரமாக நிற்கும். மணல் மூடிவிட்டால் கரையில் அலையோடு மல்லுக்கட்ட வேண்டும். அந்த மல்லுக்கட்டில் வள்ளம் உடையும், ஆளும் போவார்கள். ஓடை வாயை ஒட்டி ஒரு தடுப்புச் சுவர் கட்டினால் மணல் மூடாது என்பது உங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிய வேண்டியவர்களுக்கு மட்டும் தெரியவில்லை. வந்தார்கள், நாடா பிடித்து அளந்தார்கள், மீன் குழம்பு சாப்பிட்டார்கள், போனார்கள்.

கடைசியில் ஊரே கட்டியது. பனந்தடிகளை இரண்டு வரிசையாக ஊன்றி, நடுவில் முள்ளும் ஓலையும் மணல் மூட்டையும் அடைத்து, மேலே கல் பாவினார்கள். எங்கிருந்தோ கெஞ்சிக் கொண்டுவந்த பத்து வண்டிக் கல், சுவரின் நுனிக்குப் போதவில்லை. வாடைக்காற்று தொடங்க நாலைந்து நாள்தான் இருந்தது. நுனி போனால் மூட்டைகளை அலை உருவிவிடும், சுவர் முழுசும் போகும். ஆண்கள் கரையில் கூடி, யார்மேல் தப்பு என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் உன் ஆத்தா வீட்டுக்குள் போய் அம்மியைப் புரட்டினாள்.

"ஏய், என்னத்தச் செய்யுற?" என்று உன் அப்பா கேட்டாராம்.

"கல்லு இல்ல கல்லு இல்லன்னு தொண்ட கிழியக் கத்துறீகள்ல. இது என்னவாம், கொழுக்கட்டையா?"

நீயும் உன் ஆத்தாவும் சும்மாடு கட்டி, மாற்றி மாற்றிச் சுமந்துகொண்டு போய் நுனியில் போட்டீர்கள். அதைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரி. அவளைப் பார்த்து அடுத்தவள். பொழுது இறங்குவதற்குள் நாற்பது வீட்டு அம்மியும் சுவர் நுனியில் கிடந்தன. தட்டைக் கல் என்பதால் அலை புரட்ட முடியாது. குழவியையும் சேர்த்துப் போடப் போனவளை உன் ஆத்தா தடுத்தாளாம். "அது உருண்டு ஓடிருமடி. அதோட, குழவியையும் குடுத்துட்டா வீட்டுல பொங்குறது நின்னு போகும்." அதனால் அம்மிகள் கடலுக்குப் போயின, குழவிகள் வீட்டுக்குத் திரும்பின. "ரெண்டு மாசம் ஊரே இடிச்ச மொளகாக் கொழம்புதான் மதினி. ஆம்பளைக மூச்சுக் காட்டலயே!" என்று சொல்லும்போது உன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பார், அது அப்படியே கண்ணில் நிற்கிறது.

அந்த வாடைக்குச் சுவர் நின்றது. தை பிறந்ததும் உனக்குக் கல்யாணம். அம்மி மிதிக்க வேண்டும், ஊரில் அம்மி இல்லை. பக்கத்து ஊரில் இரவல் வாங்கலாம் என்றார் ஒரு பெரியவர். உன் ஆத்தா விடவில்லை. "எம்மக எதுக்கு அடுத்த ஊரு அம்மிய மிதிக்கணும்? அவ தலையில சொமந்த அம்மி அந்தா கெடக்குல்ல" என்றாள். மேளத்தோடு சுவர் நுனிக்குப் போனீர்கள். மாப்பிள்ளை குனிந்து உன் காலைத் தூக்கி ஈரக்கல்லில் வைத்து மெட்டி போட்டார். அலை வந்து கூறைச் சேலையை நனைத்தது. "இது வரைக்கும்" என்று நீ கூடத்தில் உட்கார்ந்தபடியே முழங்காலைத் தொட்டுக் காட்ட, கடை மேஸ்திரி "அங்க என்னம்மா பேச்சு, கை ஓடட்டும்" என்று அதட்டினான். அதற்குப் பிறகு உங்கள் ஊரில் எந்தப் பெண் கல்யாணம் என்றாலும் சுவரில் போய் மிதிப்பதே வழக்கமாகிவிட்டது என்றாய்.

நின்ற சுவரைப் பார்த்த பிறகுதான் அரசாங்கத்துக்குக் கண் திறந்தது. கருங்கல் வந்தது, ஏலக்கூடம் வந்தது, ஐஸ் பிளான்ட் வந்தது, துறைமுகம் என்ற பெயரும் வந்தது. பெயரோடு வெளியூர் விசைப்படகுகளும் வந்தன. அவை உன் வீட்டுக்காரர் வலையைக் கிழித்துக்கொண்டு போயின, ஒரு தடவை இல்லை, நாலு தடவை. வள்ளக்காரர்களைப் பின்னால் சேற்றில் போய்க் கட்டச் சொன்னார்கள். "நாங்க கட்டுன வாசல்ல எங்களயே தள்ளி நிக்கச் சொன்னாக மதினி. எங்க வீட்டுக்காரவுகளுக்கு மனசு விட்டுப் போச்சு" என்றாய். கடலை விட்டு ஏலக்காய் மூட்டைக்கு அவர் வந்த கதை அதுதான். அன்றைக்குச் சாயங்காலம் டிரம்முக்கு அடியில் இருந்த என் அம்மியை நானே பார்த்து, "இருக்கட்டும், நல்லா தாங்குது" என்றேன்.

போன ஐப்பசியில் நீ போனாய். உன் மகளிடம் குழவியைக் காட்டினேன். திருப்பூரில் அவளுக்கு ஒற்றை அறை, பாவம். "எங்கிட்ட மிக்சி இருக்கு அத்தை. அம்மா உங்ககிட்டத்தான சொல்லுச்சு" என்றாள். நானும் தை போகட்டும், வெயில் வரட்டும், கடல் அடங்கட்டும் என்று நாளைத் தள்ளினேன். அப்போதுதான் உன் மகளுக்கு ஊரிலிருந்து தபாலில் வந்த புத்தகத்தை அவள் எனக்கு அனுப்பி வைத்தாள். துறைமுகத்தைப் பெரிதாக்கப் போகிறார்களாம். அதற்கு ஒரு விழா மலர். வழவழ தாள். உள்ளே "துறைமுகம் வளர்ந்த வரலாறு" என்று ஏழு பக்கம்.

ஏழு பக்கத்தையும் மூன்று தடவை படித்தேன் மதினி. மனுக் கொடுத்தவர், மனுவை வாங்கியவர், அளந்தவர், அடிக்கல் நாட்டியவர், நாடாவை வெட்டியவர், எல்லோரும் மாலையோடு இருக்கிறார்கள். மீன் குழம்பு சாப்பிட்டுப் போனவர்கூட இருப்பார், யார் கண்டது? நாற்பது அம்மி எங்கே என்று தேடினேன். ஆறாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. "இப்பணியில் மகளிரும் தங்களால் இயன்ற ஒத்துழைப்பை நல்கினர்."

நல்கினராம்! இயன்றதாம்! வீட்டில் இருந்த ஒரே கல்லைத் தலையில் தூக்கிக்கொண்டு போய்க் கடலில் போட்டுவிட்டு, ரெண்டு மாதம் இடித்த மிளகாயைத் தின்றவர்களுக்கு இவர்கள் கொடுத்த இடம் ஒரு வரி. அதிலும் அம்மி என்ற சொல் இல்லை. அது இருந்தால் புத்தகத்தின் மானம் போய்விடுமோ என்னவோ. சொளகில் புடைத்தால் பொக்கு மேலே வரும், விளைந்த காய் அடியில் தங்கும். இதை எழுதியவன் மேலே வந்ததை மட்டும் அள்ளியிருக்கிறான்.

மறுநாளே கிளம்பிவிட்டேன். மகன், "இந்தக் காலு வலியோட குழவியத் தூக்கிட்டுப் போகணுமாம்மா? பார்சல்ல போட்டு விடுவோம்" என்றான். உன் ஆத்தா அம்மியைப் பார்சலிலா போட்டாள்? ஒயர் கூடையில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு, காலை பஸ்ஸில் மதுரை போய் அங்கிருந்து இன்னொரு பஸ் ஏறினேன். கண்டக்டர் கூடையை ஓரமாக வைக்க எடுத்தவன், தோள் இழுத்துப்போய், "என்னாத்தா, உள்ள கல்லையா வச்சுருக்க?" என்றான். "ஆமா, கல்லுதான்" என்றேன். அவன் நம்பவில்லை, துண்டை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் கிழித்தான்.

உன் தம்பி பெண்டாட்டி பஸ் நிற்கிற இடத்துக்கே வந்து கூடைக்கு ஒரு கை கொடுத்தாள். நேரே சுவருக்குப் போவோம் என்றேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. போனால், சுவரின் நுனியே இல்லை மதினி. பாதிச் சுவரை எந்திரம் தோண்டி எடுத்துவிட்டது. ஐஸ் பிளான்டுக்குப் பக்கத்தில் பழைய கல்லெல்லாம் குவியலாகக் கிடக்கிறது. கிட்டே போய்ப் பார்த்தேன். கருங்கல்லுக்கு நடுவில் அம்மி. ஒன்று இரண்டாக உடைந்து, ஒன்று கவிழ்ந்து, ஒன்று சிப்பி ஒட்டிப்போய். உன் குழவியை ஒன்றொன்றின் மேலும் வைத்து உருட்டிப் பார்த்தேன். எதிலும் படியவில்லை. உப்பு தின்று எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிட்டது. உன் ஆத்தா அம்மி எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

வேலையை மேற்பார்க்கிற பையன் வந்து, "எந்திரிங்கம்மா, இதெல்லாம் ரோட்டுக்கு அடியில நெரப்பப் போகுது" என்றான்.

"இதுல அம்மி கெடக்குது தம்பி."

"கல்லுன்னா கல்லுதானம்மா."

அவனை வைது என்ன ஆகப் போகிறது? மலர் எழுதிய விழாக்குழுச் செயலாளர் எங்கே என்று கேட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். ஐம்பது வயசு இருக்கும், மரியாதையான ஆள்தான். மின்விசிறி போட்டார், உட்காரச் சொன்னார். அம்மி விஷயத்தை எடுத்ததும் சிரித்தார். "அதெல்லாம் பொம்பளைக சொல்ற கதைம்மா. வரலாறுன்னா ஆதாரம் வேணும்ல? பத்திரம், போட்டோ ஏதாச்சும் இருக்கா?"

கூடையிலிருந்து உன் குழவியை எடுத்து அவர் மேசையில் வைத்தேன். மேசைக் கண்ணாடி உடைந்திருக்க வேண்டியது, தப்பித்தது.

"இது குழவிம்மா. எல்லா வீட்டுலயுந்தான் கெடக்கும்."

"கெடக்கும்ல? அப்ப அம்மி எங்க?" என்று கேட்டேன். எனக்கு அந்த நிமிஷம்தான் வழி தெரிந்தது.

உன் தம்பி பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு பழைய தெருவில் இறங்கினேன். "உங்க வீட்டுல அம்மி இல்லாத குழவி கெடக்கா?" இதைத்தான் வாசலுக்கு வாசல் கேட்டேன். கிடந்தது மதினி! ஒரு வீட்டில் கதவுக்கு முட்டுக்கொடுத்து. ஒரு வீட்டில் கருவாடு காயப்போட்ட தார்ப்பாய்க்குப் பாரம். ஒரு வீட்டில் சாமி படத்துக்குக் கீழே மஞ்சள் பூசி. புது அம்மி ஜோடிக் குழவியோடு வந்த பிறகும் பழசை யாரும் தூக்கிப் போடவில்லை. "எதுக்குக் கேக்குறீக?" என்றார்கள். சொன்னேன். நல்கினர் என்ற வரியையும் படித்துக் காட்டினேன். அவ்வளவுதான், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்கள். அலுவலகப் படிக்கட்டில் குழவிகளை வரிசையாக அடுக்கினோம். பதினேழு. அந்தப் படியில் அன்றைக்குத்தான் பெண்கள் கூட்டமாக ஏறினார்கள் என்றாள் உன் தம்பி பெண்டாட்டி.

செயலாளர் வெளியே வந்து, "இது என்ன கூட்டம், வேலை நடக்கணும்ல" என்றார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு கிழவி வந்தாள். கையில் குழவி. பதினெட்டாவது. அவரைப் பெற்றவள்.

"ஏண்டா, பத்திரமா கேட்ட?" என்றாள். "ஏழு மாசத்துப் புள்ளயா நீ வயித்துல கெடந்த. அம்மிய நான் தலையில சொமந்தேன். போற வழியில மூச்சு வாங்க அந்த அம்மியக் கீழ எறக்கி வச்ச எடத்துலதான் நீ ஆபீசு போட்டு உக்காந்துருக்க. எழுதிக்க."

அவருக்கு முகம் செத்துப்போனது. எனக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது தெரியுமா! நீ இருந்திருந்தால் கைதட்டிச் சிரித்திருப்பாய். ஆனால் அப்புறம் நடந்ததைக் கேள். "சரிம்மா, அடுத்த பதிப்புல சேத்துருவோம். அம்மிகளையும் கோயில் பக்கம் எடுத்து வைக்கச் சொல்றேன்" என்றார். என்னிடம் திரும்பி, உன் குழவியைக் காட்டி, "இதைக் குடுத்துட்டுப் போங்க, கண்ணாடிப் பெட்டியில வைப்போம்" என்றார். கதை என்று சொன்ன வாய் ஒரு மணி நேரத்தில் கண்ணாடிப் பெட்டி கேட்கிறது. கொடுக்க மாட்டேன் என்றேன். மற்றவர்களும் ஆளுக்கொரு குழவியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

நான் மிச்சமிருந்த சுவரில் ஏறி, முடிகிற இடம் வரைக்கும் நடந்தேன். உன் தம்பி பெண்டாட்டி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சத்தியம் செய்திருக்கிறேன், போட்டுவிட்டுப் போக வேண்டும். கூடையிலிருந்து எடுத்தேன், ரெண்டு கையாலும் தூக்கினேன். கீழே தண்ணீர்தான் இருந்தது, உன் ஆத்தா அம்மி இல்லை. அது குவியலில் எங்கோ கிடக்கிறது, இல்லாவிட்டால் ஏற்கெனவே ரோட்டுக்கு அடியில் போயிருக்கும். அம்மி போனதற்குச் சாட்சி இந்தக் குழவிகள் மட்டும்தான். நானே ஒன்றைக் கடலில் போட்டால், அந்த ஆள் கதை என்று சொன்னதற்கு நானும் கைகொடுத்த மாதிரி ஆகும். எனக்குக் கை வரவில்லை மதினி. மறுபடி துண்டைப் போட்டு மூடி, தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

போன வாரம் உன் தம்பி பெண்டாட்டி போன் பேசினாள். கோயில் பக்கம் ஒரு அம்மியும் வரவில்லை. குவியலில் பாதி ரோட்டுக்குள் போய்விட்டது. அடுத்த பதிப்பு வரவில்லை, பழைய மலரைத்தான் வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கிறார்கள். வைகாசியில் உங்கள் தெருவில் ஒரு கல்யாணமாம். சுவரில் அம்மி இல்லாததால் மண்டபத்து அம்மியை மிதித்தாளாம் பொண்ணு. பெயிண்ட் அடித்த சின்ன அம்மி, வாடகையோடு சேர்த்துக் கொடுப்பார்களாம்.

இதை இங்கே வரைக்கும் எழுதும்போது மருமகள் கால் விரலில் மஞ்சள் பற்றோடு வந்து உட்கார்ந்தாள். "யாருக்கு அத்தை லெட்டர்?" என்றாள். குழவிக்காரிக்கு என்றேன். "அது சரி, அந்தக் குழவிக்கு அம்மிதான் எங்க?" என்று மறுபடி கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணச் சேலை நனைந்த இடத்தை முழங்காலைத் தொட்டுக் காட்டித்தான் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அந்தச் செயலாளரைக் "கட்டையில போறவன்" என்று வைதாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. அப்புறம் எழுந்து, "ஓரமா, சிலிண்டருக்குப் பின்னால தள்ளி வைக்கவா அத்தை? யாரு கால்லயும் படாது" என்று கேட்டாள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சத்தியத்தை மீறியதற்கு நீ கோபித்துக்கொள், நான் வந்து சேரும்போது வாங்கிக்கொள்கிறேன். அதுவரை அது காலில் படுகிற இடத்திலேயே கிடக்கட்டும். இடிக்கட்டும். இடித்துக்கொள்கிறவர்கள்தான் அம்மி எங்கே என்று கேட்கிறார்கள்.